கையில் ஸ்பானர், கண்ணெதிரே பக்கம்

1990 ஜூன் 10 காலை. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் 17,300 அடி உயரம் ஏறியிருந்தபோது, விமானி அறையின் இடப்பக்க முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. கேப்டனின் உடம்பில் பாதி வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவர் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள்.

அந்தக் கண்ணாடி முந்தைய நாள் விடியற்காலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்திய 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட 0.026 அங்குலம் ஒல்லி. மீதி ஆறு, குறுக்களவில் சரி, நீளத்தில் 0.1 அங்குலம் குறை. இரவு ஷிப்டின் மேலாளர் ஆள் பற்றாக்குறையால் தானே அந்த வேலையில் இறங்கியிருந்தார். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஜோடி தேடினார். 8டி ரகம்தான் போட வேண்டும் என்று கிடங்குக்காரர் வாயால் சொல்லியும், பழையது 7டி என்பதால் அதையே கேட்டார். அது போதிய அளவு இருப்பில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்தின் இன்னொரு மூலைக்குப் போய், வெளிச்சம் போதாத இடத்திலிருந்த இழுப்பறைகளில் கண்ணளவாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வாசிப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. மேடை வசதியாக அமையாததால் விமான மூக்கின்மேல் எட்டிச் சாய்ந்தபடி திருகினார். போல்ட்டுத் தலைகள் குழிக்குள் சரியாக உட்காராதது பார்வையில் படவில்லை. சரியான போல்ட்டின் எண் உதிரிபாகப் பட்டியலில் தெளிவாக அச்சாகி இருந்தது. அந்தப் பட்டியலை அவர் திறக்கவே இல்லை.

விபத்து விசாரணை அறிக்கையைப் படிக்கும் எவரும் இவரை அசட்டை ஆள் என்று முடிவு கட்டிவிட முடியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுபவசாலி, நல்ல பெயர் எடுத்தவர். அதிகாலை மூன்று மணிக்கு மேல், கை வேலையில் இருக்கும்போது, தேவையான தகவல் எழுந்து போய்த் தேட வேண்டிய இடத்தில் இருந்தால், மனிதர்கள் தேடப் போவதில்லை. கையிலிருக்கும் சாட்சியை நம்புவார்கள். பழைய போல்ட் நான்கு வருடம் தாங்கியிருக்கிறது, அப்புறமென்ன?

விமானப் பராமரிப்பின் பெரிய சிக்கல்களில் ஒன்று இதுதான். வேலை ஓரிடத்தில், அந்த வேலைக்கான எழுத்து வேறிடத்தில். ஒரு பயணிகள் விமானத்தின் பராமரிப்புக் கையேடு பல ஆயிரம் பக்கங்கள். 29-ம் அத்தியாயம் ஹைட்ராலிக், 32 லேண்டிங் கியர் என்று உலகெங்கும் ஒரே எண்முறை உண்டு. அதனால் தேடுவது ஓரளவு எளிது. ஆனால் மெக்கானிக் இருப்பது சக்கரங்கள் மடங்கி ஒடுங்கும் குழிக்குள். தலைக்கு மேல் குழாய்கள், ஒரு கையில் டார்ச் விளக்கு, இன்னொரு கையில் டார்க் ரெஞ்ச். பக்கமோ ஹேங்கரின் கோடியிலிருக்கும் அலுவலகத்தில், ஒரு காலத்தில் மைக்ரோஃபிஷ் படிக்கும் கருவியில், பின்னர் மேசைக் கணினியில். அச்செடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வருவார்கள். முறுக்க வேண்டிய அளவை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. பத்தாவது முறை செய்யும் வேலை என்றால் நினைவே கையேடு.

கணினியை மேசையிலிருந்து பிடுங்கி இந்த மனிதரின் உடம்பிலேயே கட்டிவிட்டால் என்ன? 1990-களில் பல ஆய்வுக்கூடங்களில் ஒரே சமயத்தில் எழுந்த யோசனை இது. அமெரிக்காவில் அதற்கு ஒரு விபத்தும் பின்னணியில் இருந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளின் மேல் அலோஹா விமான நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பெயர்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். விரிசல்களைப் பரிசோதகர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும், கண்டுபிடிக்கவில்லை. அதே ஆண்டு வந்த விமானப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலும் விமானிகளையே ஆராய்ந்துகொண்டிருந்த மனிதக் காரணிகள் துறை பராமரிப்பாளர்கள் பக்கமும் திரும்பியது. இரவில், ஏணியில், தனியாக வேலை செய்பவரைப் பற்றி அதுவரை பெரிதாக யாரும் கேட்டதில்லை.

யோசனை அழகாக இருப்பதும் கருவி வேலைக்கு உதவுவதும் வேறு வேறு. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கருவியை மெக்கானிக்கிடம் கொடுத்து அவர் திணறுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது. இதற்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். கணினி மென்பொருள் உலகில் இந்தச் சோதனைக்கு ஒரு சம்பிரதாயம் உருவாகியிருந்தது: அமைதியான அறை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆய்வாளர், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யும் பயனர். ஹேங்கரில் இதெல்லாம் முதல் நாளே உடைந்துபோகும். ரிவெட் அடிக்கும் சத்தத்தில் வாய்விட்டுப் பேசினால் யாருக்குக் கேட்கும்? இறக்கைக்குள் எரிபொருள் தொட்டியில் நுழைந்த ஆளின் பின்னால் ஆய்வாளர் நுழைய முடியாது. தீப்பொறி எழாது என்று சான்று பெறாத கணினியும் நுழைய முடியாது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் வெளியிட்ட கணக்கிலிருந்து பிறந்த விதி இணையதளக்காரர்களிடையே வேதவாக்காகிவிட்டது. அந்த ஐந்து பேரும் ஒரே வகையினராக இருந்தால்தான் கணக்கு சரி. ஒரே ஹேங்கரில் மின்னணுக்காரர், தகடு வேலை செய்பவர், பரிசோதகர் என்று குறைந்தது மூன்று இனங்கள் உண்டு. ஒருவருக்குக் கையடக்கமானது மற்றவருக்கு இடைஞ்சல்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த கருவி விமானத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேனியல் சீவியோரெக்கும் அசிம் ஸ்மைலாஜிக்கும் நடத்திய குழு 1994-ல் உருவாக்கிய வூமேன் 3, அமெரிக்க மரைன் படையின் நீர்நில வாகனங்களைப் பரிசோதிப்பதற்கானது. சுமார் 600 அம்சங்கள், 50 பக்கப் பட்டியல். ஒருவர் படித்துச் சொல்ல இன்னொருவர் வாகனத்துக்கடியில் ஊர்ந்து பார்ப்பதுதான் வழக்கம். வூமேன் இடுப்பில் தொங்கும். ஒரு கண் முன்னால் சிறு சிவப்பு எழுத்துத் திரை. விசைப்பலகையும் சுட்டியும் கிடையாது. பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் தேடுகிற குமிழைப் போல ஒரு பெரிய சக்கரம்; திருகினால் திரையில் தேர்வு ஒவ்வொன்றாக நகரும், பொத்தானை அழுத்தினால் பதிவாகும். தடித்த கையுறையோடும், சேற்றுக் கையோடும், பார்க்காமலேயே இயக்கலாம். பரிசோதனை நேரம் 40 சதவீதம்வரை குறைந்தது. பின்னர் கணினியில் தட்டச்சு செய்யும் நேரத்தையும் சேர்த்தால் சேமிப்பு 70 சதவீதம். வாசித்துச் சொல்லும் இரண்டாவது ஆள் வேறு வேலைக்குப் போகலாம். அந்தக் காலத்தில் எதிர்காலம் என்று கொண்டாடப்பட்ட எத்தனையோ உள்ளீட்டு முறைகளுக்கு நடுவே ஒரு குமிழ் ஜெயித்தது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது.

அடுத்து அதே குழு விமானத்துக்கு வந்தது. சாக்ரமென்டோவிலிருந்த மக்லெல்லன் விமானப்படைத் தளத்தில் கேசி-135 எரிபொருள் நிரப்பு விமானங்களின் வெளித்தகடுகளை அங்குலம் அங்குலமாகப் பரிசோதிப்பார்கள். ஒரு விமானத்துக்குச் சுமார் 36 மணி நேரம் பிடிக்கும். நேவிகேட்டர் 2 என்ற அணிகணினி, திரையில் விமானத்தின் உருவத்தைக் காட்டும். கண்ட பள்ளத்தையும் அரிப்பையும் பரிசோதகர் அந்தப் படத்திலேயே, குரலாலோ ஜாய்ஸ்டிக்காலோ குறிக்கலாம்.

இங்கேதான் சோதனையாளர்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். கருவியை மறந்துவிட்டு முதலில் வேலையைக் கூறுபோட்டார்கள். பரிசோதகரைத் தூக்கிப் பிடிக்கும் கிரேன் கூடையை இடம் மாற்றுவது, தகட்டைப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது. மூன்றும் ஏறக்குறைய சம அளவு நேரம் தின்றன. கணினி எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் கூடையை வேகமாக நகர்த்தாது, கண்ணைக் கூர்மையாக்காது. எழுதும் பங்கைத்தான் அது தொட முடியும். அதைப் பாதியாகக் குறைத்தது. மூன்றில் ஒரு பங்கில் பாதி என்றால் ஆறில் ஒன்று; மொத்தச் சேமிப்பு 18 சதவீதம் என்று அளந்தார்கள். கணக்கும் அளவீடும் இப்படிக் கைகோப்பது இந்தத் துறையில் அபூர்வம். உண்மையான லாபம் வேறொரு இடத்தில் ஒளிந்திருந்தது. பரிசோதனை முடிந்ததும் எழுதிய தாள்களைத் தளத்தின் பெரிய கணினிக்குள் ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. அது இரண்டு நிமிடமானது. தலையில் மாட்டும் திரையைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் யாரும் இந்த எழுத்தர் வேலையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

எல்லாச் சோதனைகளும் இப்படி இனிப்பாக முடியவில்லை. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் சீகலும் மால்கம் பாவரும் 1997-ல் வெளியிட்ட களச்சோதனையில், அணிகணினியில் கையேட்டைப் படித்து விமானத்தில் வேலை செய்த டெக்னீஷியன்கள் காகிதத்தில் படித்ததைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காகிதம் லேசுப்பட்ட எதிரி இல்லை. மடிக்கலாம், எண்ணெய்க் கையால் பிடிக்கலாம், இரண்டு பக்கங்களை அருகருகே விரிக்கலாம், விரலை வைத்து இடம் குறிக்கலாம், மின்கலம் தீராது. கண் முன் தொங்கும் சின்னத் திரையில் ஒரு மின்சுற்று வரைபடம், சாவித்துளை வழியே ஒரு அறையைப் பார்ப்பதற்குச் சமம். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கம்பியைப் பின்தொடர்வதற்குள் எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துவிடும்.

கண்ணுக்கும் தன் நியாயங்கள் உண்டு. ஒரு கண்ணுக்குத் திரையும் மறு கண்ணுக்கு விமானமும் காட்டினால் மூளை இரண்டையும் கலந்து ஒரு காட்சியாக்குவதில்லை. ஒன்றை அமுக்கி மற்றதைக் காட்டும், பிறகு மாற்றிக் காட்டும். எந்தக் கண் அமுக்கப்படும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் வலது கை இடது கை போலக் கண்ணிலும் ஆதிக்கக் கண் உண்டு. திரையின் பிம்பம் ஒளியியல்படி இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பதாக அமைத்திருந்து, திருகவேண்டிய நட் முப்பது சென்டிமீட்டரில் இருந்தால், ஒவ்வொரு முறையும் கண் குவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது தெரியவே தெரியாது. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு அரைமணி நேரத்தில் தலைவலி. சோதனைக்குத் தன்னார்வத்தோடு முன்வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். விமானத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் மூத்தவர்கள். இந்தப் பொருத்தமின்மையைக் கவனிக்காத ஆய்வின் முடிவை நான் நம்பமாட்டேன்.

உடம்பின் மற்ற பாகங்களும் சாட்சி சொல்ல வந்தன. இடுப்புப் பெட்டியிலிருந்து தலைக்கு ஓடும் கம்பி, குறுகிய இடத்தில் நுழையும்போது எதிலாவது மாட்டிக்கொள்ளும். மின்கலம் சூடாகும், குப்புறப் படுத்தால் வயிற்றில் அழுத்தும். கணினியை உடம்பின் எந்த இடத்தில் வைத்தால் உறுத்தாது என்றே கார்னகி மெலனில் பிரான்சின் ஜெம்பர்லும் உடன் பணியாற்றியவர்களும் 1998-ல் தனி ஆய்வு செய்தார்கள். விரலின் மின்கடத்தலை உணர்ந்து இயங்கும் தொடுதிரை சாதாரணக் கையுறையோடு வேலை செய்யாது. அழுத்தத்தை உணரும் பழைய வகை செய்யும். பயணிகள் விமானங்களின் ஹைட்ராலிக் திரவமான ஸ்கைட்ரால் பல பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும், கண்ணில் பட்டால் எரியும். அதைத் தொட்ட கையால் முகத்தருகே ஒரு திரையைச் சரிசெய்ய யார் துணிவார்? இன்னொன்று: விமானத்துக்குள் கொண்டுபோகும் ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவருக்கும் கணக்கு உண்டு, மறந்து விட்டுவிட்டால் அது கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கலாம். கணினியும் அந்தக் கணக்கில் சேரும் ஒரு பொருள்தான்.

நேரத்தை மட்டும் அளந்தால் கதை பாதிதான் தெரியும். அமெரிக்க விமானப்படையின் ஐமிஸ் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். அரிசோனாவின் லூக் தளத்தில் 1990-களின் முதற்பாதியில் எஃப்-16 போர் விமானங்களை வைத்து நடந்த சோதனை அது. மின்னணு நிபுணர்கள் 12 பேர், பொதுவான பராமரிப்பு வேலை செய்பவர்கள் 12 பேர். விமானத்தில் வேண்டுமென்றே பழுதுகளை ஒளித்துவைத்து, அச்சுக் கையேட்டோடும் கையில் தூக்கிச் செல்லும் கணினியோடும் தேடவிட்டார்கள். அச்சுக் கையேட்டோடு நிபுணர்கள் நூற்றுக்குச் சுமார் 82 தடவை சரியாகக் கண்டுபிடித்தார்கள், மற்றவர்கள் சுமார் 69 தடவை. கணினியோடு நிபுணர்கள் நூற்றுக்கு நூறு. மற்றவர்கள் 98-க்கு மேல். வேகமும் கூடியது, ஆனால் படைத்தலைமையின் காதில் விழுந்தது இரண்டாவது இணைதான்: நிபுணரல்லாதவர் நிபுணருக்குச் சமமாகிவிடுகிறார். நிபுணரின் காதிலும் அதுதான் விழுந்திருக்கும், வேறு சுருதியில். “சோதிக்கப்படுவது கருவி, நீங்கள் இல்லை” என்று ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் சொல்வது மரபு. கேட்பவர் நம்புவதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கருவிக்குச் சேரும் புகழ் முழுவதும் கருவிக்கு உரியதா என்று கேட்டவர் பஃபலோ பல்கலைக்கழகத்தின் காலின் ட்ரூரி. விமானப் பரிசோதனையில் மனிதக் காரணிகளைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். பொதுவாக இப்படிப்பட்ட சோதனைகள் பழைய தாளையும் புதிய கணினியையும் மோதவிடும். ட்ரூரியின் குழு நடுவில் மூன்றாவது ஒன்றை வைத்தது: அதே வேலை அட்டை, காகிதத்திலேயே, ஆனால் ஒழுங்காக வடிவமைத்தது. முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்காமல், ஒரு படிக்கு ஒரு வேலை என்று பிரித்து, படத்தைச் சொற்களுக்குப் பக்கத்தில் வைத்து. எட்டுப் பரிசோதகர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணினிதான் முதலிடம். ஆனால் முன்னேற்றத்தில் ஒரு நல்ல பங்கைத் திருத்தி எழுதிய காகிதமே சாதித்திருந்தது. மோசமாக எழுதிய கையேட்டை விலை உயர்ந்த கண்ணாடிக்குள் போட்டுக் காட்டும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்றாவது அட்டை நினைவுக்கு வரும்.

நன்றாக வேலை செய்யும் கருவியிடம் வேறொரு ஆபத்து. ஜார்ஜியா டெக்கில் ஜெனிஃபர் ஆக்கர்மனும் ஏமி பிரிட்செட்டும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு விமானத்தைக் கிளம்புமுன் சுற்றிப் பார்க்கும் விமானிகளுக்கு அணிகணினி கொடுத்தார்கள். கருவி அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும். பழுது கண்டுபிடிப்பதில் பெரிய முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை. தெரிந்தது சார்ந்திருத்தல்: கருவி சொன்னதைப் பார்ப்பார்கள், சொல்லாததைத் தாண்டிப் போவார்கள். நினைவிலிருந்து சுற்றுகிறவருக்குக் கண் அலையும். அலைகிற கண்தான் பட்டியலில் இல்லாத எண்ணெய்க் கசிவைப் பிடிக்கும்.

தொலைவிலிருக்கும் நிபுணரைத் தலைக் கேமரா வழியே கூப்பிடும் யோசனையைப் பற்றி ஒரே ஒரு தகவல். 1996-ல் ராபர்ட் க்ராட், மார்க் மில்லர், சீகல் மூவரும் சைக்கிள் ரிப்பேரை வைத்துச் சோதித்தார்கள். பேசித் துணைசெய்ய நிபுணர் இருந்தால் வேலை வேகமாகவும் தரமாகவும் முடிந்தது. நிபுணருக்கு வீடியோ தெரிந்ததா இல்லையா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. தொலைபேசிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை.

பின்னர் கருவிகள் இளைத்தன. இடுப்புப் பெட்டி மறைந்து, கூகுள் கிளாஸ் போன்ற கண்ணாடிச் சட்டத்துக்குள் எல்லாம் அடங்கியது. போயிங் தன் மின்கம்பிக் கட்டுகளைத் தயாரிக்கும் பிரிவில் நேரம் 25 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. கண்ணாடிக்குள் படம் காட்டிக் கம்பி கோக்கும் கனவு அந்த நிறுவனத்தில் பழையது. டாம் காடெல், டேவிட் மைசெல் இருவரும் மிகைமெய் என்ற பெயரோடு அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது 1992-ல். நிறுவனங்கள் தாமே வெளியிடும் சதவீதங்களை நான் பாதி நம்புகிறேன். புதுக் கருவி கிடைத்த உற்சாகமும் யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வும் முதல் மாதங்களில் எந்த எண்ணையும் உயர்த்தும். கூகுள் 2023 மார்ச்சில் கிளாஸ் விற்பனையை நிறுத்திவிட்டது. 1956-ல் முதன்முதலாகப் பறந்த கேசி-135 இன்னும் சேவையில் இருக்கிறது. ஒரு விமானத்தின் ஆயுளில் இப்படி எத்தனை தலைமுறைக் கருவிகள் வந்து போகும் என்ற கேள்வியைச் சோதனைத் தாள்களில் நான் பார்த்ததில்லை.

2017-ல் ஜிஇ ஏவியேஷன் வெளியிட்ட சோதனை ஒருபடி மேலே போனது. சின்சினாட்டியில் 15 மெக்கானிக்குகள் ஜெட் எஞ்சின் இணைப்புகளை முறுக்கினார்கள். கண்ணாடி முறுக்கும் அளவைக் காட்டியது; கம்பியில்லாமல் அதனோடு இணைந்த டார்க் ரெஞ்ச் எவ்வளவு முறுக்கப்பட்டது என்பதைத் தானே பார்த்துச் சரி சொன்னது. சரியானால்தான் அடுத்த படி திறக்கும். வேலைத்திறன் 8 முதல் 12 சதவீதம்வரை உயர்ந்ததாகச் சொன்னார்கள். பர்மிங்காம் இரவுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இருக்க முடியாது என்று படும். மெக்கானிக் எண்ணைத் தேட வேண்டாம், நினைவில் வைக்க வேண்டாம், ஒரு கட்டத்துக்கு மேல் படிக்கவும் வேண்டாம்.

அதனால் சோதனையின் வடிவமும் மாறியாக வேண்டும். லூக் தளத்தில் பழுதை விமானத்தில் ஒளித்துவைத்தார்கள். இனி அதைக் கருவிக்குள்ளும் ஒளிக்க வேண்டும்: திருத்தம் வராத ஒரு பழைய பக்கம், இடம் மாறிய ஒரு தசமப்புள்ளி, நாற்பது இணைப்புகளில் ஒன்றுக்கு மட்டும் பிசகிய முறுக்களவு. இருபது வருட அனுபவமுள்ளவர், இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில், கண்ணாடியில் பச்சை அடையாளம் ஒளிரும்போது கையை நிறுத்தி “இது சரியில்லையே” என்று சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். சொன்னால், அந்தச் சந்தேகத்தைப் பதிவு செய்யத் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறதா என்றும்.